தாத்தா காலத்து வண்டிக்கு ஆர்.சி. வாங்குவது எப்படி?

சில வருஷங்களுக்கு முன் 1967 மாடல் ஃபியட் 1100 ஒன்றை வாங்கினேன். எஞ்சினை இறக்கி, போர் பண்ணி, டிங்கரிங் முடித்து, பெயின்ட் அடித்து, சீட்டுக்கு ரெக்சின் தைத்து, எல்லாம் ஆனபிறகுதான் ஆர்.சி. புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். எஞ்சின் எண்ணில் 3 இருக்கவேண்டிய இடத்தில் 8 இருந்தது. எப்போதோ ஒரு எழுத்தர் பழைய புத்தகத்தைப் பார்த்துப் புதியதில் எழுதும்போது கண் ஏமாற்றியிருக்க வேண்டும். அதைத் திருத்த ஏழு மாதம் ஆனது. வண்டியை ஓடவைத்ததே ஐந்து மாதத்தில்தான்.

அதனால் பழைய வண்டி வாங்கப்போகிறேன் என்று யார் வந்தாலும் நான் எஞ்சினைப் பற்றிப் பேசுவதில்லை. "காகிதம் என்ன நிலையில் இருக்கிறது?" என்றுதான் கேட்பேன். துருப்பிடித்த தரைத்தகட்டை எந்தப் பட்டறையிலும் மாற்றிவிடலாம். ஐம்பது வருஷத்துக்கு முன் விட்டுப்போன ஒரு கையெழுத்தை அப்படி மாற்ற முடியாது. இந்தக் கட்டுரை முதல்முறையாக இறங்குகிறவர்களுக்கு. வீட்டுக் கொட்டகையில் தாத்தாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, பக்கத்து ஊரில் ஒரு ஜாவா பைக்கைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தாலும் சரி, வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில், உங்கள் வண்டி விண்டேஜ்தானா?

இந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. பழைய கார் சங்கத்துக்காரர்கள் ஆங்கிலேயர் வழக்கப்படி 1919 முதல் 1930 வரை வந்ததைத்தான் விண்டேஜ் என்பார்கள். அதற்கு முந்தியது வெட்டரன், பிந்தியது கிளாசிக் என்று போகும். பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவா, 30 வருஷம் ஆகியிருந்தால் வரலாற்று வாகனம் என்கிறது. நம் நாட்டு இன்ஷூரன்ஸ் கட்டண விதிப் புத்தகத்திலோ 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாரான, சங்கம் சான்று கொடுத்த கார்தான் விண்டேஜ். இதையெல்லாம் தேநீர்க்கடை விவாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் செல்லுபடியாகும் கணக்கு ஒன்றே ஒன்றுதான்.

'மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989' என்ற விதித் தொகுப்பைத் திருத்தி, 81-ஏ என்று தொடங்கும் புதிய விதிகளை 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தது. அதுவரை இந்தியாவில் விண்டேஜ் வண்டிப் பதிவுக்கென்று தனி விதியே கிடையாது. அந்த விதிப்படி, இரண்டு சக்கரமோ நான்கு சக்கரமோ, முதல் பதிவு ஆகி 50 வருஷம் கடந்திருக்க வேண்டும். வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது.

இதில் 'முதல் பதிவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். தயாரித்த வருஷம் இங்கே கணக்கில்லை. 1976 டிசம்பரில் தொழிற்சாலையை விட்டு வந்து, 1977 மார்ச்சில் பதிவான வண்டிக்கு 2027 மார்ச்சில்தான் 50 ஆகும். "76 மாடல் சார், விண்டேஜ் ஆயிடுச்சு" என்று தரகர் சொன்னால் புத்தகத்தில் தேதியைப் பாருங்கள்.

பஜாஜ் சேத்தக் 1972-இல் வந்தது. அதாவது நம் வீட்டுக்குப் பால் வாங்கிவந்த ஸ்கூட்டரின் முதல் வண்டிகள் இந்த வரம்பைத் தாண்டிவிட்டன. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கு 2033 வரை பொறுக்க வேண்டும்.

அதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

புதிதாக வருகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். விண்டேஜ் பதிவு ஒரு பட்டம் மாதிரி, வாங்கி வைத்தால் கௌரவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதோடு ஒரு கட்டுப்பாடும் சேர்ந்தே வருகிறது. விண்டேஜாகப் பதிவான வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, இவற்றுக்குப் போய்வருவது, பெட்ரோல் போடுவது, பராமரிப்புக்குக் கொண்டுபோவது, இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு இட்லி சாப்பிட ஊருக்கு வெளியே போவது இந்தப் பட்டியலில் இல்லை.

வாடகைக்கு விடுவதும் கிடையாது. கல்யாண ஊர்வலம், சினிமா ஷூட்டிங் என்று பழைய கார்களுக்கு நம்மூரில் நல்ல கிராக்கி இருப்பது தெரியும். அந்த வருமானத்தை நம்பி வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். சாதாரணத் தனியார் பதிவில் இருக்கிற வெள்ளைப் பலகை வண்டியையும் வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறுதான், அது வேறு விஷயம்.

உங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஏற்கெனவே பதிவில் இருக்கும் வண்டியை எல்லாரையும் போல ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பித்து ஓட்டுவது முதல் வழி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 41-ஆம் பிரிவு, தனியார் வண்டிக்கு முதலில் 15 வருஷமும் பிறகு ஐந்தைந்து வருஷமும் பதிவு தருகிறது. பேச்சு வழக்கில் இதைத்தான் 'எஃப்.சி. காட்டுவது' என்கிறோம். விண்டேஜ் பதிவு இரண்டாவது வழி.

எது லாபம் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

விண்டேஜ் புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பிறகு மறுபதிவுக்கு 5,000. ஸ்கூட்டர், கார் என்று இதில் பேதம் இல்லை.

சாதாரணப் புதுப்பித்தலில், 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கான கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு இரட்டிப்பாக்கியது. அந்த அறிவிப்பின்படி மோட்டார் சைக்கிளுக்கு 2,000, காருக்கு 10,000. இறக்குமதி வண்டி என்றால் இரண்டு சக்கரத்துக்கு 20,000, காருக்கு 80,000. இதோடு மாநில அரசின் பசுமை வரி தனி. கட்டணம் அடிக்கடி மாறுவதால் கட்டும் அன்று அரசின் பரிவாஹன் இணையதளத்தில் காட்டும் தொகையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாருங்கள். திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட் ஒன்று இருக்கிறது, வாரம் ஒருமுறையாவது எடுத்து ஓட்டுவீர்கள் என்றால், ஐந்து வருஷத்துக்கு 2,000 கட்டிப் புதுப்பிப்பதுதான் புத்திசாலித்தனம். 20,000 கட்டி வண்டியை வீட்டுச் சிறையில் வைக்க வேண்டியதில்லை. அதே சமயம், வெள்ளைக்கார துரை கப்பலில் கொண்டுவந்து விட்டுப்போன ஆஸ்டின் கார் ஒன்று, வருஷத்துக்கு இரண்டு ரேலிக்கு மட்டும் வெளியே வருகிறது என்றால், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 80,000 கட்டுவதைவிட விண்டேஜ் பதிவு மலிவு. என் ஃபியட்டை நான் சாதாரணப் பதிவிலேயே வைத்திருக்கிறேன். சும்மா நிறுத்திவைத்தால் அதற்குக் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும், எனக்கும் மனசு அடைத்துக்கொள்ளும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

சரி, வண்டியைப் பார்த்தாகிவிட்டது, பிடித்துவிட்டது. கையில் டார்ச், ஒரு துண்டு உப்புத்தாள், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு பென்சில், மெல்லிய வெள்ளைத்தாள், இதெல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள்.

சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து, எண்ணுக்கு எண் ஒத்துப்போக வேண்டும். கிரீசும் பெயின்டும் மூடியிருந்தால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசிலும் பின்னால் இதையேதான் கேட்பார்கள். கண்ணால் பார்த்ததை நம்பாதீர்கள். 3-ம் 8-ம் எனக்குச் செய்த வேலையைத்தான் மேலே சொன்னேனே! எண் கோணலாக, ஆழம் மாறிமாறி, புதிதாக வெட்டியதுபோல இருந்தால் அந்த இடத்திலிருந்து கிளம்பிவிடுங்கள். எண்ணை அழித்து வெட்டியது குற்ற வழக்கு. விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம். திருட்டு வண்டியா என்று பார்க்க தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவை இருக்கிறது. அதிலும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

அடுத்தது உரிமையாளர் பெயர். பழைய வண்டிகளில் பாதிச் சிக்கல் இங்கேதான். புத்தகத்தில் இருப்பவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர், நடுவில் இரண்டு கை மாறியிருக்கும். "ஓனர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் இருக்கு சார்" என்று பழுப்பேறிய வெற்றுப் படிவத்தை நீட்டுவார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துக்கொள்வதே நல்லது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் பதிவில் இருக்கும் உரிமையாளரே கையெழுத்திட வேண்டும், அவரது அடையாளச் சான்றும் வேண்டும். விற்றவர் அதே மாநிலத்துக்குள் 14 நாளுக்குள்ளும், வேறு மாநிலம் என்றால் 45 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள்.

உரிமையாளர் காலமாகிவிட்டார் என்றால் படிவம் 31. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் ஆட்சேபமில்லை என்று எழுதிக்கொடுக்கும் பிரமாணப் பத்திரம், இவ்வளவும் சேர்ந்தால்தான் பெயர் மாறும். முதலில் ஒரு வாரிசு பெயருக்கு மாற்றி, அப்புறம் உங்கள் பெயருக்கு. சொந்தத் தாத்தா வண்டி என்றாலும் இதே கதைதான். பெரியப்பா மகன் துபாயில் இருக்கிறார், அத்தை பேச்சுவார்த்தை இல்லை என்று ஆரம்பித்தால் முடியவே முடியாது. வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரு விசேஷத்தில் எல்லாரும் கூடும் நாளாகப் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வண்டி மினுமினுவென்று நின்றபிறகு கேட்டால் எல்லாருக்கும் தாத்தா ஞாபகம் வந்துவிடும்.

புத்தகத்தின் உள்பக்கத்தில் எச்.பி. (தவணைக் கடன்) என்று ஏதாவது முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எழுபதுகளில் தவணையில் வாங்கிய கார். கடன் என்றைக்கோ அடைந்துவிட்டது, ஆனால் அதைப் புத்தகத்தில் ரத்து செய்யாமல் விட்டிருப்பார்கள். அதை நீக்கப் படிவம் 35-இல் கடன் கொடுத்த நிறுவனம் கையெழுத்திட வேண்டும். அந்த நிறுவனமே மூடி முப்பது வருஷம் ஆகியிருந்தால்? பதிவு அலுவலகத்தில் மனு, பிரமாணப் பத்திரம் என்று நெடிய பயணம். இந்தத் தலைவலியை விற்பவரே முடித்துத் தரட்டும். அதுவரை முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

வரி பாக்கியையும் கேளுங்கள். இருபது வருஷம் கொட்டகையில் நின்ற வண்டிக்கு வரி நின்றுவிடாது. ஆர்.சி. காலாவதியானதற்கும் அபராதம் உண்டு. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி, புதுப்பிக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கு 300, மற்ற தனியார் வண்டிக்கு 500 ரூபாய். பத்து வருஷம் விட்டுவைத்த கார் என்றால் 120 மாதம், 60,000 ரூபாய். பேரம் பேசும்போது இந்தக் கணக்கை விற்பவர் முன்னால் வைத்துப் போட்டுக்காட்டுங்கள். விலை இறங்கும்.

புத்தகமே தொலைந்துவிட்டதா? பதிவு எண் தெரிந்தால் வழி உண்டு. முதலில் அந்த எண்ணைப் பதிந்த அலுவலகத்துக்குப் போய்ப் பழைய பதிவேட்டில் வண்டி இருக்கிறதா என்று பார்த்து, நகல் கேட்டு எழுதிக்கொடுங்கள். பிறகு காவல்துறையில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கை. தமிழ்நாட்டில் இதை ஆன்லைனிலேயே எடுக்கலாம். அதை வைத்துப் படிவம் 26-இல் நகல் ஆர்.சி. இதையும் பதிவில் இருக்கும் உரிமையாளர்தான் கேட்க முடியும். எண்ணும் இல்லை, புத்தகமும் இல்லை, சேசிஸ் தகடு மட்டும் இருக்கிறது என்றால், அதை உதிரிபாகமாக மட்டும் வாங்குங்கள். புதுப்பேட்டை விலைதான் அதற்கு.

பழைய புத்தகங்களில் உள்ள பல வண்டிகள் கணினியில் ஏறியிருக்காது. அரசின் வண்டிப் பதிவுத் தளமான 'வாகன்'-இல் எண்ணைப் போட்டால் ஒன்றும் வராது. பயப்பட வேண்டாம், அதை 'பேக்லாக் என்ட்ரி' என்பார்கள். அசல் புத்தகத்தைக் காட்டினால் அலுவலகத்தில் ஏற்றித்தருவார்கள். இது முடியாமல் ஆன்லைனில் எந்த விண்ணப்பமும் நகராது என்பதால், வாங்கியதும் முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள். நான் மூன்று தடவை போனேன். இரண்டு தடவை சம்பந்தப்பட்டவர் லீவு.

எண் பலகை: பழையது போகாமல் பார்த்துக்கொள்வது

1989-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் டி.என். 01 என்ற இன்றைய முறை வந்தது. அதற்கு முந்தைய மூன்றெழுத்துப் பலகைகளுக்கு ஒரு தனி அழகு. சென்னையில் இன்னும் பின்னால் போனால் எம்.சி. வரிசை. எம்.சி. 1 துறைமுகத்தின் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வைத்திருந்த கார், எம்.சி. 3 கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியின் கார் என்று நகர வரலாற்றில் படிக்கிறோம். பழைய வண்டி ஆர்வலர்களுக்கு அசல் எண் என்பது வண்டியின் பாதி மதிப்பு.

விண்டேஜ் விதியில் எனக்குப் பிடித்த அம்சமே இதுதான். ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மட்டும் 'வி.ஏ.' வரிசை. முதலில் மாநில எழுத்து, அடுத்து வி.ஏ., பிறகு இரண்டெழுத்து வரிசை, கடைசியில் 0001 முதல் 9999 வரை ஓர் எண். நம் மாநிலத்தில் என்றால் டி.என். வி.ஏ. ஏ.ஏ. 0001 என்பது போல வரும்.

வெளிமாநில வண்டி வாங்குகிறவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். சாதாரணப் பதிவில் இருக்கும் வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்கி வந்து இங்கே பதிந்தால், மைசூரில் 1964-இல் கொடுத்த எண் போய், நேற்று வாங்கிய ஆல்ட்டோவுக்கு அடுத்த எண் உங்கள் காரில் ஏறும். அந்த எண் மேல் ஆசை இருந்தால், தடையின்மைச் சான்றுக்கு எழுதுவதற்கு முன்னாலேயே விண்டேஜ் வழியைப் பற்றி இரண்டு ஊர் அலுவலகத்திலும் பேசிவிடுங்கள். எண் மாறியபிறகு திரும்ப வாங்குவது நடக்காத காரியம்.

அசல் வடிவம் என்றால் எவ்வளவு அசல்?

நம் ஊர் அம்பாசடர்கள் இங்கேதான் மாட்டும். டாக்சியாக ஓடிய காலத்தில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் போட்டவை ஏராளம். சில வண்டிகளில் கேஸ் கிட் ஏறியிருக்கும். அதை ஆர்.சி.யில் முறைப்படி பதிந்திருந்தால் சாதாரணப் புதுப்பித்தலுக்கு இடைஞ்சல் இல்லை. விண்டேஜ் விதியின் கண்ணில் அது மாற்றப்பட்ட எஞ்சின். மார்க் 2 அம்பாசடர் என்றால் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் இருக்க வேண்டும். ஃபியட் 1100-க்கு 1,089 சி.சி. எஞ்சின் எண் புத்தகத்தில் இருப்பதுதானா என்பதே முதல் சோதனை.

கூரையை வெட்டித் திறந்த காராக்குவது, ஜீப்பின் சேசிஸை நீட்டுவது, பழைய புல்லட்டை 'பாபர்' ஆக்குவது, இதெல்லாம் விண்டேஜ் பதிவை மட்டுமின்றிச் சாதாரணப் பதிவையும் கெடுக்கும். சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதி செய்தது.

பெயின்ட், சீட் தையல், டயர், வயரிங், குரோம் பூச்சு, துருப்பிடித்த தகடை அதே அளவில் மாற்றுவது, எஞ்சினைப் போர் பண்ணி பிஸ்டன் மாற்றுவது, இவை பராமரிப்பு. ஒரே எச்சரிக்கை, நிறம். புத்தகத்தில் வெள்ளை என்று இருக்கும்போது உங்களுக்குப் பிடித்த சிவப்பை அடித்தால் ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். எந்த நிறம் அசல் என்று சந்தேகமாக இருந்தால் டேஷ்போர்டுக்குக் கீழே, கதவு ரப்பரை உரித்துப் பார்த்தால் தொழிற்சாலை பெயின்ட் அங்கே ஒளிந்திருக்கும். அசல் வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க ஆசையிருந்தால் கோயம்புத்தூர் அவினாசி சாலையில் உள்ள ஜீடி கார் மியூசியத்தில் ஒருநாள் செலவழியுங்கள். குறிப்பு எடுக்க நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள்.

வேலை தொடங்கும் முன்னும், நடக்கும்போதும், முடிந்தபின்னும் போட்டோ எடுத்து வையுங்கள். முக்கியமாகச் சேசிஸ் எண் தெரியும் தகடு. பெயின்ட் அடிப்பவர் அதன்மேல் பட்டி பார்த்து மூடிவிடுவார். அந்த இடத்தில் மாஸ்கிங் டேப்பை நீங்களே ஒட்டிவிட்டு வாருங்கள். சொன்னால் மறந்துவிடுவார்கள்.

இன்ஷூரன்ஸ்

விண்டேஜ் பதிவு விண்ணப்பத்தோடு செல்லுபடியாகும் பாலிசி இணைக்க வேண்டும், ஆகையால் இது விண்ணப்பத்துக்கு முந்தைய படி. சாலைக்கு வரும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 அறிவிப்பின்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு அந்தத் தொகை வருஷத்துக்கு 3,416 ரூபாய். விண்டேஜாகப் பதிவான தனியார் காருக்கு அதில் பாதி தள்ளுபடி உண்டு, ஆக 1,708. கவுண்டரில் இருப்பவருக்கு இது பெரும்பாலும் தெரிந்திருக்காது. நீங்களாகக் கேட்டால்தான் கிடைக்கும்.

சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துக் காப்பீடு எடுக்கிறீர்கள் என்றால் மதிப்பு எவ்வளவு என்ற கேள்வி வரும். ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் மதிப்பை நிறுவனமும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்கிறீர்கள். உங்கள் செலவு ரசீதுகள், மதிப்பீட்டாளரின் அறிக்கை, போட்டோக்கள் கையில் இருந்தால் பேச முடியும். இல்லாவிட்டால் காயலான் கடை விலையைப் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

விண்ணப்பம்

இவ்வளவும் தயார் என்றால் விண்ணப்பம் உண்மையில் சின்ன வேலை. பரிவாஹன் தளத்தில் படிவம் 20. இணைப்பாக இன்ஷூரன்ஸ் பாலிசி, கட்டணம், ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்றால் சுங்கத் துறையின் பில் ஆஃப் என்ட்ரி. எல்லாம் சரியாக இருந்தால் 60 நாளுக்குள் படிவம் 23-ஏ-இல் பதிவுச் சான்று தர வேண்டும் என்பது விதி.

வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோகும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. லாரி டிரைவர்கள் இன்றும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர், பெயருக்கேற்ப முதலில் பிரேக்கைத்தான் பார்ப்பார். ஹார்ன், இண்டிகேட்டர், விளக்கு, ஸ்டீயரிங் ஆட்டம், கண்ணாடி. அறுபதுகளின் வண்டியில் பேட்டரி பலமாக இல்லாவிட்டால் விளக்கு மங்கும், அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். முந்தின நாளே சார்ஜ் போட்டு வையுங்கள். காலையில் கூட்டம் சேரும் முன் போய்விடுங்கள். வரிசையில் நின்று எஞ்சின் சூடேறி, அவர் வரும் நேரத்துக்கு வண்டி கிளம்பாமல் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. அவர் சிரித்துக்கொண்டே "தள்ளிக்கிட்டே வாங்க" என்றார்.

ஓர் அலுவலகத்துக்கு இந்த மாதிரி விண்ணப்பம் எப்போதாவது ஒன்றுதான் வரும். அங்கே இருப்பவருக்கே விதி புதிதாக இருக்கலாம். 2021 அறிவிக்கையை அச்செடுத்து, 81-ஏ முதல் உள்ள பகுதியைக் கோடிட்டுக் கொண்டுபோங்கள். சட்டம் பேசுகிற தோரணையில் நீட்டாமல், "சார், இதுல இப்படிப் போட்டிருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று கொடுத்தால் காரியம் நடக்கிறது. ஏஜென்ட் வைப்பதா வேண்டாமா என்று கேட்பார்கள். பெயர் மாற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. விண்டேஜ் பதிவுக்கு நீங்களே போவது நல்லது, ஏனென்றால் வண்டியின் கதையைச் சொல்ல உங்களுக்குத்தான் தெரியும்.

பதிவுக்குப் பிறகு

விண்டேஜ் வண்டியை வெளியே எடுக்கும்போது ரேலி அழைப்பிதழோ கண்காட்சிக் கடிதமோ ஒரு நகல் காருக்குள் இருக்கட்டும். வழியில் நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான். விற்பதற்கும் தடையில்லை. வாங்கியவர், விற்றவர் இருவருமே 90 நாளுக்குள் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

50 ஆகாத வண்டி வைத்திருப்பவர்களுக்கு, அதாவது எண்பதுகளின் யெஸ்டி, பத்மினி, முதல் மாருதிகளுக்கு, நம் சட்டத்தில் 'சேகரிப்பாளர் வாகனம்' என்று இடைப்பட்ட வகை எதுவும் இல்லை. இது ஒரு குறைதான் என்பது என் எண்ணம். ஃபிவா சொல்லும் 30-க்கும் நம் 50-க்கும் நடுவில் அந்த வண்டிகள் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் வெறும் பழைய வண்டிகளாகத்தான் நிற்கின்றன. அவர்கள் செய்யக்கூடியது, ஆர்.சி. காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்வது. முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, இரண்டு மாதம் முன்பே படிவம் 25-ஐப் போட்டுவிடுங்கள். ஒருமுறை விட்டால் மாதாமாதம் ஏறும் அந்த 300-ம் 500-ம் ஒருநாள் வண்டியின் விலையையே தாண்டிவிடும். பல வண்டிகள் காயலான் கடைக்குப் போனது இப்படித்தான்.

இன்னொன்று. ஆர்.சி.யை ஸ்மார்ட் கார்டாகக் கொடுக்கும்போது பழைய புத்தகத்தை அலுவலகத்தில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன் அட்டை முதல் அட்டை வரை ஒவ்வொரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள், வெற்றுப் பக்கம் உட்பட. என் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் முதல் உரிமையாளர் ஊதா மையில் வண்டி வாங்கிய அன்றைக்குப் போட்ட பெட்ரோல் கணக்கை எழுதிவைத்திருந்தார்.